வள்ளல் பச்சையப்பரும் அவர் விட்டுச் சென்ற பணமும்

பாலக்காட்டிலோ இடுக்கி மலைப்பக்கத்திலோ பிறந்து, மேற்படிப்பை நாடி முதன்முறையாகச் சென்னைக்கு இரயிலேறும் தமிழ் மாணவன் ஒருவன், சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி உயர்நீதிமன்றத்தை நோக்கி நடக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அந்த நீண்ட சாலையிலே, கடைகளும் தள்ளுவண்டிகளும் நெருக்கியடிக்கும் இடத்திலே, கிரேக்க நாட்டுக் கோயிலைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தாற்போன்ற ஒரு கட்டிடம் அவன் கண்ணில் படும். ஏதென்ஸ் நகரத்துத் தீசியஸ் கோயிலை மாதிரியாகக் கொண்டு எழுப்பப்பட்டது அது. பச்சையப்பன் மண்டபம் என்று அதற்குப் பெயர். காஞ்சிபுரத்துத் தமிழர் ஒருவரின் பெயர் ஏதென்ஸ் தூண்களின்மேல் ஏறி நிற்பது வியப்பன்றோ?

பச்சையப்ப முதலியாரின் பெயரைக் கேளாத தமிழ் மாணவர் இலர். அறிஞர் அண்ணா பயின்ற கல்லூரி, கணிதமேதை இராமானுஜன் கணிதத்தில் வல்லவராய் நின்று ஏனைப் பாடங்களில் தவறிய கல்லூரி, டாக்டர் மு. வரதராசனார் தமிழ் கற்பித்த கல்லூரி. ஆயினும் அக்கல்லூரியைப் பச்சையப்பரே நிறுவினார் என்று எண்ணுவோர் பலர். அஃது உண்மையன்று. அவர் மறைந்தது 1794இல். அவர் பெயரால் முதற் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது 1842இல். இடையே நாற்பத்தெட்டு ஆண்டுகள்! அத்தனை ஆண்டுகள் அந்தப் பணம் யார் கையில் இருந்தது? அதை மீட்டவர் யார்? எந்தத் தொழில் செய்தவர்கள் அதைக் காத்தார்கள்? வள்ளலின் வாழ்க்கையை மட்டும் சொல்லி இக்கேள்விகளை விட்டுவிடுதல் பாதிக் கதையைச் சொல்வதாகும்.

1754ஆம் ஆண்டு பிறந்தவர் பச்சையப்பர். அவர் தாயின் வயிற்றில் இருக்கும்போதே தந்தை விசுவநாத முதலியார் இறந்துவிட்டார். தாய் பூச்சியம்மாள் பெண்மக்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு, காஞ்சியை விட்டுப் பெரியபாளையம் சென்றார். ஆர்க்காட்டு நவாபின் அலுவலில் இருந்த ரெட்டி ராயர் என்பவர் அங்கே அக்குடும்பத்துக்கு நிழலாய் இருந்தார். சில ஆண்டுகளில் அந்த நிழலும் மறைந்தது. விதவைத் தாய் பிள்ளைகளுடன் சென்னைக் கோட்டையின் பக்கம் வந்து சேர்ந்தார். அங்கே கைகொடுத்தவர் பௌனி நாராயண பிள்ளை. பௌனி என்பது அவர் குடும்பப் பெயரன்று. அவர் துபாஷியாக இருந்து பணிசெய்த ஆங்கிலேயரின் பெயர். துரையின் பெயரே துபாஷிக்கு முன்னொட்டாக வழங்கிய காலம் அது.

துபாஷி என்றால் இரு மொழி அறிந்தவன் என்று பொருள். மொழிபெயர்ப்பது மட்டுமே அவன் வேலை என்று நினைத்துவிடலாகாது. கும்பினியார் தம் ஊழியர்க்கு அளித்த சம்பளம் சொற்பம். ஊழியர்கள் தனி வாணிகம் செய்தே பொருள் ஈட்டினர். கப்பலிலிருந்து இறங்கும் இளந்துரைக்கு வீடு பார்ப்பதும், ஆள் அமர்த்துவதும், கடன் கொடுப்பதும், நெசவாளர்க்கு முன்பணம் தந்து துணி வாங்குவதும், நாட்டரசரிடம் பேரம் பேசுவதும், பிறர் செலுத்தவேண்டிய வரிக்குப் பிணை நிற்பதும் துபாஷியின் வேலைகள். ஒவ்வொரு கைமாற்றத்திலும் அவனுக்குத் தரகு உண்டு. துரையின் செல்வாக்கு உயர்ந்தால் அவன் செல்வாக்கும் உயரும். துரை வீழ்ந்தால் அவனும் வீழ்வான். புதுச்சேரியில் டூப்ளேயின் துபாஷியாய் இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்க பிள்ளையும் இந்தத் தொழிலர்தாம். சென்னையில் ஹாலந்து என்னும் தற்காலிக ஆளுநரின் துபாஷியாய்க் கொடிகட்டிப் பறந்து, சதிக் குற்றத்துக்காக 1792இல் தண்டனை பெற்ற அவதானம் பாப்பையாவும் இந்தத் தொழிலர்தாம். ஒரே தொழில் ஒருவரை வரலாற்று ஆசிரியராக்கியது, இன்னொருவரைச் சிறைக்கு அனுப்பியது, மூன்றாமவரை வள்ளலாக்கியது.

நாராயண பிள்ளையின் ஆதரவில் சிறுவன் பச்சையப்பன் ஆங்கிலம் கற்றான், கணக்குக் கற்றான், அவற்றினும் மேலாக, எவனை நம்பலாம், எவனை நம்பலாகாது என்று ஆளைப் பார்த்து மதிப்பிடக் கற்றான். மீசை அரும்பும் வயதிலேயே வணிகர்க்குச் சரக்கு வாங்கிக் கொடுத்துத் தரகு பெறத் தொடங்கினான். தகப்பனில்லாப் பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த பள்ளி அந்நாளில் வேறு இல்லை. பின்னர் சல்லிவன் என்னும் கும்பினி அதிகாரிக்குத் துபாஷியானார். தஞ்சாவூர்ச் சீமை அவருக்குத் திறந்தது.

தஞ்சை அப்போது எப்படி இருந்தது? 1781ஆம் ஆண்டு ஹைதர் அலியின் படை காவிரி நாட்டைச் சூறையாடிச் சென்றது. வயல் பாழ், மாடு இல்லை, உழுவார் ஓடிவிட்டனர். ஆனால் தஞ்சை மன்னர் கும்பினிக்குச் செலுத்தவேண்டிய தொகை நிற்கவில்லை. மன்னருக்குப் பணம் வேண்டும்; குடிகளுக்கு வரிகட்டப் பணம் வேண்டும். பணம் உள்ளவனுக்கு அது பொன் விளையும் காலம். துளஜா மன்னர் 1787இல் மறைந்து அமர்சிங் அரசேறிய பின்னும் இந்நிலை மாறவில்லை. பச்சையப்பர் தஞ்சைச் சீமையிலே கடன் கொடுத்தார்; பிணை நின்றார்; பெருஞ்செல்வர் ஆனார்.

இதை மறைத்து எழுதுவது நம் ஏடுகளின் வழக்கம். மறைக்கவேண்டியதில்லை என்பது என் எண்ணம். அந்த வட்டியிலே காவிரிக் கரை உழவரின் வியர்வையும் கலந்திருந்தது. சென்னைக் கோட்டையில் ஆளுநராயிருந்து பொருள் குவித்த எலிகு யேல் 1718இல் அமெரிக்கக் கல்விக்கூடம் ஒன்றுக்குச் சரக்கு மூட்டைகள் அனுப்பினார். அவை விற்ற பணத்துக்காக இன்றும் ஒரு பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்குகிறது. அந்தச் செல்வம் எப்படி வந்தது என்று இன்று அங்கேயும் கேட்கிறார்கள். நாமும் கேட்கலாம், கேட்பதனால் பச்சையப்பரின் ஈகை குறைந்துவிடாது.

ஈட்டியவாறே கொடுத்தவர் அவர். கோமளீசுவரன்பேட்டையில் குடியிருந்த நாளில் கூவம் ஆற்றில் நீராடிவிட்டுக் கோயிலுக்குச் செல்வது அவர் வழக்கமாம். (கூவத்தில் நீராடினார் என்பதை இன்றைய சென்னை மாணவர் நம்பமாட்டார், ஆயினும் அன்றைய கூவம் வேறு.) தில்லைச் சிதம்பரத்தின்மீது அவருக்குத் தனிப் பற்று, அக்கோயில் திருப்பணிக்குப் பொருளை வாரி வழங்கினார். இருமுறை மணந்தும் குடிபேர் சொல்ல ஆண்மகவு பிறக்கவில்லை.

நாற்பதாம் வயதில் கும்பகோணத்திலே நோய்வாய்ப்பட்டார். 1794 மார்ச் 22ஆம் நாள் உயில் எழுதினார். தம்மைத் திருவையாற்றுக்குக் கொண்டுசெல்லச் செய்து, அம்மாதம் 31ஆம் நாள் அங்கே காவிரிக் கரையில் கண்மூடினார். சிவாலயங்களிலும் திருமால் கோயில்களிலும் வழிபாடு, ஏழைகளுக்கு அன்னம், வடமொழிக் கல்வி, இன்னும் பொதுவான பல நற்காரியங்கள் என்று, காசி முதல் குமரி வரை பரந்த அறங்களுக்குத் தம் செல்வத்தை எழுதிவைத்தார். ஆங்கிலப் பள்ளிக்கூடம் என்ற பேச்சு அதில் இல்லை.

யாரை நம்பி எழுதினார்? தம்மை வளர்த்த நாராயண பிள்ளையை நம்பி. இயல்புதான். சாகும் தறுவாயில் இருக்கும் ஒருவர், தம்மைக் கைதூக்கிவிட்டவரை நம்பாமல் வேறு யாரை நம்புவார்? ஆனால் எண்ணிப் பாருங்கள். ஆயிரம் பேருக்குக் கடன் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் பிணையாள் யார் என்று கேட்டு வாங்கிய மனிதர் அவர். தம் வாழ்நாள் முழுவதையும் விற்று வாங்கிய பொருளைக் கொடுக்கும்போது பிணையாள் கேட்கவில்லை. கணக்குக் கேட்க ஒருவரை வைக்கவில்லை. நம்பிக்கைக்கு உரியவர் மூத்தவர். அவரும் ஒருநாள் இறப்பார். அவருக்குப் பின் யார் என்பதும் உறுதியாகவில்லை. துபாஷித் தொழிலில் எல்லாம் ஆளுக்கு ஆள் நம்பிக்கை. துரை மாறினால் கணக்கும் மாறும். அந்தத் தொழிலின் பழக்கமே உயிலுக்குள்ளும் வந்து புகுந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

நேர்ந்தது என்ன? உறவினர் உரிமை கொண்டாடினர். பொறுப்பேற்றவர்க்கும் உறவினர்க்கும் வழக்கு, வழக்குக்குள் வழக்கு. கோயில்களில் அவர் நினைத்த அன்னதானம் நடக்கவில்லை. பெரும்பணம் பலர் கையில் சிதறிக் கிடந்தது. 1801இல் சென்னையில் சுப்ரீம் கோர்ட்டு ஏற்பட்டது. வழக்கும் அங்கே போய்ச் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் உறங்கியது. உயில் எழுதியபோது பிறந்த குழந்தை நடுவயதை எட்டும் வரையிலும் ஏழைக்கு ஒரு பிடி சோறு ஒழுங்காகக் கிடைத்தபாடில்லை.

இங்கேதான் இரண்டாவது தொழிலர் வருகிறார். அவர் வழக்கறிஞர். கும்பினியின் அட்வகேட் ஜெனரலாக 1828இல் பொறுப்பேற்ற ஜார்ஜ் நார்ட்டன். (காங்கிரஸ் மேடைகளில் புகழ்பெற்ற எர்ட்லி நார்ட்டனையும் இவரையும் குழப்பிக்கொள்வோர் உண்டு, இவர் முந்திய தலைமுறை.) பொது அறத்துக்கு விடப்பட்ட பொருள் வீணாகுமானால், அரசின் சார்பில் நீதிமன்றத்தில் நின்று அதைக் கேட்கும் உரிமை அட்வகேட் ஜெனரலுக்கு உண்டு. இங்கிலாந்துச் சட்டத்தில் ஊறிய கருத்து அது. உறவினர்க்கு இல்லாத உரிமை. கோயில் குருக்களுக்கு இல்லாத உரிமை. தானத்தைப் பெறவேண்டிய ஏழை நீதிமன்றத்துக்கு வரமாட்டான். அவனுக்காக ஒருவர் நிற்கவேண்டும் என்பதே அதன் சாரம். நார்ட்டன் நின்றார். 1832இல் தீர்ப்புக் கிடைத்தது. உயிலிற் குறித்த சமய அறங்களுக்கு ஒரு லட்சம் வராகன் நிலைநிறுத்தப்பட்டது. வராகன் ஒன்று மூன்றரை ரூபாய் என்று கொண்டால் மூன்றரை லட்சம் ரூபாய்! அன்றைய விலைவாசியில் இது எவ்வளவு பெரிய தொகை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஒரு விந்தையைக் கவனியுங்கள். இத்தனை ஆண்டுகள் வழங்கப்படாமல் கிடந்த முதலுக்கு வட்டி உண்டல்லவா? அந்த வட்டி குவிந்து, சமய அறங்களுக்கு ஒதுக்கியது போகப் பெருந்தொகை மிஞ்சியது. அந்த மிச்சத்தைக் கல்விக்கு ஆக்கலாம் என்று திட்டம் வகுத்தனர். ஆக, அறம் உறங்கிய காலத்து வட்டியே பள்ளிக்கூடமாயிற்று.

அந்தப் பணத்தை நிருவகிப்பது யார்? முதலில் கும்பினியின் வருவாய்த்துறைக் குழு. 1817ஆம் ஆண்டுச் சட்டப்படி கோயில் சொத்தும் அறச் சொத்தும் அக்குழுவின் மேற்பார்வையில் இருந்தன. வரி வசூலிப்பதில் கைதேர்ந்த அதிகாரிகள் அவர்கள். கணக்கு வைப்பார்கள்; பணம் தொலையாது. ஆனால் எந்தச் சத்திரத்தில் எந்த நாளில் அன்னமிடவேண்டும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? இதற்கிடையில் இங்கிலாந்திலே பாதிரிமார் கூக்குரலிட்டனர். கிறித்தவ அரசு இந்துக் கோயில்களை நிருவகிக்கலாமா என்று. 1840களின் தொடக்கத்தில் கும்பினி அவ்வேலையிலிருந்து கைவாங்கத் தொடங்கியது. அந்த வேளையிலேதான் பச்சையப்பர் அறங்களுக்கு இந்துக்களே அடங்கிய தருமகர்த்தர் குழு அமைந்தது. வருவாய்த்துறையின் மேற்பார்வை மேலே நின்றது.

இக்குழுவிலும் இதைச் சூழ்ந்து நின்ற வட்டத்திலும் இருந்தவர்கள் யார் யார் என்று பார்த்தால், சென்னைப் பட்டணத்தின் புதிய தலைமுறையே கண்முன் வரும். குழுவின் தலைவராய் விளங்கியவர் கோமளீசுவரன்பேட்டை ஸ்ரீநிவாச பிள்ளை. செல்வர், சீர்திருத்த நோக்கினர், பெண்கல்வியில் ஆர்வம் கொண்டவர். நார்ட்டனின் நண்பர் குழாத்தில் வெம்பாக்கம் இராகவாச்சாரியார் இருந்தார். அவர் போலீஸ் மாஜிஸ்திரேட்டு. அவுரியும் துணியும் விற்ற வணிகர் கஜுலு லட்சுமிநரசு செட்டியார் இருந்தார். 1844இல் கிரெசண்ட் என்னும் செய்தித்தாளை நடத்தியவர், 1852இல் சென்னை சுதேச சங்கத்தை நிறுவியவர். நீதி அறிந்தவர், வாணிகம் அறிந்தவர், பேனா பிடிக்க அறிந்தவர் ஆகிய இவர்களுக்கு நார்ட்டனே ஆட்சிமுறை, சட்டம் ஆகியவை பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவை 1841இல் நூலாயின. சென்னையில் பல்கலைக்கழகம் வேண்டும் என்று எழுபதினாயிரம் பேர் கையெழுத்திட்ட விண்ணப்பம் 1839இல் ஆளுநர் எல்பின்ஸ்டனிடம் சேர்ந்ததும் இவ்வட்டத்தாரின் முயற்சியே.

துபாஷியின் காலத்தில் ஒருவர் மட்டும் ஒருவரை நம்பினார். இவர்கள் காலத்தில் பலர் கூடி ஒருவர் கணக்கை மற்றவர் பார்த்தனர். வணிகருக்கு வட்டி விகிதம் தெரியும். மாஜிஸ்திரேட்டுக்குச் சாட்சியம் தெரியும். வழக்கறிஞருக்கு ஆவணத்தின் ஓட்டை தெரியும். ஒருவருக்குத் தெரியாததை மற்றவர் அறிவார். ஒருவர் மறைக்க முயன்றால் மற்றவர் கண்டுபிடிப்பார். பணம் பிழைத்தது இதனால்தான் என்பது என் துணிபு. எல்லாரும் நல்லவராய் இருந்ததனால் அன்று.

1842 சனவரி முதல் நாள், கறுப்பர் நகரத்தில் பாப்பம்ஸ் பிராட்வேயில் ஒரு வீட்டிலே பச்சையப்பன் மத்தியப் பள்ளி தொடங்கியது. 1846இல் நார்ட்டன் அடிக்கல் நாட்ட, 1850இல் நாம் முதலிற் கண்ட கிரேக்கக் கட்டிடம் திறக்கப்பட்டது. வரைந்து கொடுத்தவர் காப்டன் லட்லோ. பள்ளி வளர்ந்து 1889இல் முதல்தரக் கல்லூரியானது. 1940இல் சேத்துப்பட்டுக்குக் குடிபெயர்ந்தது.

பச்சையப்பர் கேட்டது ஒன்று. இவர்கள் கொடுத்தது வேறொன்று. சோறும் விளக்கும் கேட்டவர் பெயரில் ஆங்கில இலக்கணம் கற்பித்தனர். இது முறையா? வைதிக மனத்தினர் அன்றே முணுமுணுத்திருப்பர். நானும் பலகால் எண்ணிப் பார்த்ததுண்டு. கோயில் அறங்களுக்கு உரியதை எடுக்கவில்லை. அதைத் தனியே நிறுத்திவிட்டு மிச்சத்தையே கல்விக்கு ஆக்கினர். பாதிரிமார் பள்ளியில் சேர்ந்தால் மதம் மாறிவிடுமோ என்று அஞ்சிப் பிள்ளைகளை வீட்டிலே வைத்திருந்த பெற்றோர்க்கு அது ஒரு வழி. அந்தப் பெற்றோருள் ஒருவர் பூச்சியம்மாளைப் போன்ற விதவைத் தாயாகவும் இருந்திருக்கலாம். பச்சையப்பரைத் தூக்கிவிட்டதும் கோட்டை ஓரத்தில் கற்ற ஆங்கிலமும் கணக்கும்தானே! அவர் உயிலில் அது இல்லாவிட்டாலும் அவர் வாழ்க்கையில் இருந்தது.

ஆனால் குழுவில் யார் இருந்தார்களோ அவர்கள் பார்வைக்கு எட்டியவர்க்கே கதவு திறந்தது என்பதையும் சொல்லியாகவேண்டும். இந்து மாணவர் அல்லாதார்க்கு 1947 வரை அக்கல்லூரியில் இடமில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல்! குழுவின் ஆட்கள் எந்த வட்டத்திலிருந்து வருகிறார்களோ, அந்த வட்டத்தின் எல்லையே அறத்தின் எல்லையாகவும் நின்றுவிடுகிறது.

நம்பிக்கையைப் பெறுவதிலோ அக்குழு குறைவில்லாது விளங்கியது. கோவிந்தப்ப நாயக்கர் போன்ற பிற செல்வரின் அறக்கட்டளைகளும் அதன் பொறுப்பில் வந்து சேர்ந்தன. தம் உயிலுக்குத் தனியாளைத் தேடாமல், நின்று நிலைத்த குழுவைத் தேடினர் பின்வந்தோர். பச்சையப்பர் பட்ட பாடு அவர்களுக்குப் பாடமாயிருந்தது போலும். இருந்தும் குழு என்றாலே காவல் என்று எண்ணிவிடவும் முடியவில்லை. இந்த நூற்றாண்டிலேயே அவ்வறக்கட்டளையின் நிருவாகத்தைக் கவனிக்க உயர்நீதிமன்றம் இடைக்கால நிருவாகியை நியமிக்க நேர்ந்தது. அந்தச் சாலையின் எதிர்ப்புறத்தில் இருக்கும் நீதிமன்றந்தான்!

காஞ்சிபுரம் செல்லும் நண்பர்கள் கோயில்களில் பழைய சோழர் கல்வெட்டுகளைத் தேடுவீர்கள். அவற்றினிடையே அவ்வளவு பழமையில்லாத ஒரு கல்லும் உண்டு, பார்த்துவிட்டு வாருங்கள். பச்சையப்பர் ஒரு லட்சம் வராகன் அறத்துக்கு விட்டதும், சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பும், யார் மேற்பார்வையில் யார் நடத்தவேண்டும் என்பதும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. இத்தகைய கல்வெட்டுகள் வேறு பெருங்கோயில்களிலும் உள்ளன. ஓலையில் எழுதியதை ஒளிக்கலாம்; பெட்டியில் வைத்த பத்திரத்தைப் பூட்டலாம். சாமி கும்பிட வருகிற எவனும் நின்று படித்து, இங்கே நடக்கவேண்டிய சோறு ஏன் நடக்கவில்லை என்று கேட்கும்படி, வழக்கறிஞரின் மூளை அந்தத் தொகையைக் கோயிற் சுவரிலே செதுக்கிவிட்டது.